எட்டு ராணிகள்

நாள் 212. காலை 6.40. உள் வெப்பம் 16 டிகிரி. எலிகள்: அறுபதுக்கு மேல்.

இதை எடுத்துப் படிக்கப்போகும் நல்லவருக்கு வணக்கம். நீங்கள் நிற்பது செவ்வாயில், நான்காம் வீடு. எழுதுவது நாச்சிமுத்து, நாமக்கல்காரன், இந்த வீட்டின் எலிப் பொறுப்பாளன். இந்தக் கிரகத்தில் எலி வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த இரண்டு கையால்தான். மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். சொல்லாவிட்டால் அது பொறாமை.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து பிளாஸ்டிக் தொட்டிகள். மேலே கம்பி வலை. ஒவ்வொன்றிலும் தலைகீழாகக் கட்டிய தண்ணீர்ப் புட்டி, எலி நக்கினால் சொட்டும். காளான் பாத்தியில் மனிதனுக்கு ஆகாத தண்டும் அழுகலும் எலிக்கு. எலி மனிதனுக்கு. எலிப் புழுக்கை மறுபடி பாத்திக்கு. இந்தச் சுற்றை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் பக்கத்தில் இல்லாமல் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கூடு கட்டுவதற்குக் காகிதக் கிழிசல் போட்டிருக்கிறேன். எலி வளர்ப்புக் கையேடு, இருநூற்றுச் சொச்சம் பக்கம், நல்ல மெத்தென்ற தாள். எனக்கு அது எதற்கு? நாமக்கல் ஹேச்சரியில் நிமிடத்துக்கு முப்பது கோழிக்குஞ்சைத் தூக்கிப் பார்த்து, சேவல் இந்தப் பக்கம், பெட்டை அந்தப் பக்கம் என்று பிரித்துப் போட்டவன் நான். அந்தக் கைத்திறனைக் கேட்டுத்தான் என்னைக் கப்பலில் ஏற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பு பெயில் என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

புழுதிப் புயலுக்கு இன்று பதினோராம் நாள். சூரியத் தகடுகளின் மேல் தூசி. ஹீட்டர் பாதித் திறனில் ஓடுகிறது. அடுத்த கப்பல் வர முந்நூற்று ஐம்பது நாள். கவலை இல்லை.

காலையில் இரண்டாம் வீட்டிலிருந்து வானொலி. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி என் தங்கை பாவாயியும் அவள் புருஷன் ராக்கியண்ணனும் இருக்கிறார்கள். ஐந்து வீடுகளில் இப்போது பதில் சொல்வது எங்கள் இரண்டு வீடுதான்.

ராக்கியண்ணன்: "என்னங்க மச்சான், எலி எத்தனைங்க?"

நான்: "அறுபதுக்கு மேல, மாப்ளே."

"போன வாரம் நாப்பதுன்னீங்க."

"எலி என்ன உன்னாட்ட சோம்பேறியா? அது வேலையப் பாக்குது."

பின்னால் பாவாயி சிரித்தது கேட்டது.

நாள் 219. காலை 7.15. உள் வெப்பம் 14 டிகிரி. எலிகள்: இருபது.

எண்ணிக்கையில் ஒரு சின்னத் திருத்தம். அறுபது என்று எழுதியது ஓர் உற்சாகத்தில். பூமியில் காதில் துளை போட்டு ஆண், பெண் அடையாளம் வைத்து அனுப்பியவை மூன்று: ஜமீன்தார் என்ற ஆண், பெரியவள், சின்னவள் என்ற இரண்டு பெண்கள். அவர்கள் பெற்றது பதினேழு. பதினேழை வாயால் சொல்லும்போது அறுபது என்று வந்துவிடுகிறது.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இன்று பிரித்தாக வேண்டும். விட்டால் ஒரு தொட்டிக்குள்ளேயே கட்டுப்பாடில்லாமல் பெருகி, தீனி போதாமல் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். ஆணைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு பெண்ணை ஜமீன்தாருடன் விடுவது என் திட்டம்.

பிரிப்பது எப்படி என்று கேட்பீர்கள். வாலைத் தூக்கினால் இரண்டு துளை தெரியும். சிலவற்றில் இடைவெளி அதிகம், சிலவற்றில் குறைவு. அதிகம் இருப்பது பெண். குட்டி வெளியே வர இடம் வேண்டாமா, யோசித்தாலே தெரிந்துவிடும். ஆணுக்கு விதைப்பை தொங்கும் என்பார்கள். இவற்றில் ஒன்றுக்கும் தொங்கவில்லை, பிஞ்சுகள்தானே.

நாலே நிமிடம். ஒன்பது ஆண், எட்டுப் பெண். ஹேச்சரியில் என்னைப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்திருக்க வேண்டும்.

நாள் 231. காலை 9.00. உள் வெப்பம் 11 டிகிரி. எலிகள்: பதிமூன்று.

பெரியவளும் சின்னவளும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். வயதுதான் காரணம். குளிர் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். ஆண்களில் ஐந்தைக் குழம்பு வைத்துவிட்டேன். மிளகாய்ப் பொடி இல்லாமலே அந்த ருசி. செவ்வாயில் இதுவரை யாரும் அப்படிச் சாப்பிட்டதில்லை, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

குளிருக்கு ஜமீன்தாரின் விதைகளே வயிற்றுக்குள் ஏறிக்கொண்டன. பின்பக்கம் பார்த்தால் பெண் மாதிரி இருக்கிறான். நம் ஆட்களுக்கும் பச்சைத் தண்ணீரில் குளித்தால் அந்தக் கதிதான்.

அவன் தொட்டியில் ஒரே அடிதடி. எட்டுப் பெண்களும் அவன் முதுகைக் கடிக்கின்றன, தங்களுக்குள்ளும் எழுந்து நின்று குத்திக்கொள்கின்றன. ஒரு ராஜாவுக்கு எட்டு ராணி, வேறென்ன நடக்கும்?

இதை வானொலியில் சொன்னேன்.

ராக்கியண்ணன்: "புத்தகத்துல ஆம்பளை எலிதான் அப்படி அடிச்சுக்கும்னு போட்டிருக்குதுங்க மச்சான்."

"அந்தப் புத்தகத்த எழுதுனவனுக்கு எட்டுப் பொண்டாட்டி இல்ல மாப்ளே."

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களே."

அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். இணைப்பு அறுந்துவிட்டது.

நாள் 240. காலை 8.20. உள் வெப்பம் 9 டிகிரி. எலிகள்: ஒன்பது.

ஒன்பது ஆணும் தீர்ந்தன. ஜமீன்தாரும் எட்டு ராணிகளும் மிச்சம். காளான் பாத்தியில் மேல் அடுக்கு உறைந்துவிட்டது. கேழ்வரகு ஒரு சாக்கு இருக்கிறது.

பாவாயி கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அண்ணா, எங்க எலியெல்லாம் வெறைச்சுப் போச்சு. ஒரு ஆணும் ஒரு பொட்டையும்தான் மிச்சம். இவருக்கு மூணு நாளாக் காய்ச்சல், எந்திரிக்க மாட்டேங்கறாரு. பொட்டைய அறுத்து ரசம் வெச்சுக் குடுக்கட்டுமா, இல்ல குட்டிக்கு விட்டுவெக்கட்டுமா? நீ சொல்லு."

"அறுத்துக் குடு. ஒத்தைக் கெழட்டப் பொத்தி வெச்சு என்ன பண்ணப்போற? நான் எளசா மூணு பொட்டை அனுப்பறேன். உன்ற ஆணோட விடு. ஒண்ணொண்ணும் பன்னெண்டு போடும்."

"நெசமாத்தானாண்ணா?"

"அண்ணன் எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கறனா?"

பிறகு இருமலோடு ராக்கியண்ணன் குரல்: "அத எழுதோணும்னா தனியா ஒரு புத்தகம் வேணுங்க மச்சான்."

ஆளில்லா வண்டியின் பேட்டரியில் ஒரு நடைக்குத்தான் மின்சாரம் இருந்தது. மூன்று ராணிகளைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் என் கம்பளிச் சட்டையை அடைத்து அனுப்பினேன். நானே நடந்து போயிருப்பேன். என்னிடம் இருக்கும் காற்றுப் பைக்கு ஐந்து கிலோமீட்டர்தான் மூச்சு.

நாள் 243. காலை 10.05. உள் வெப்பம் 8 டிகிரி. எலிகள்: ஆறு.

வண்டி போய்ச் சேர்ந்தது. மூன்றும் உயிரோடு இருக்கின்றன. பாவாயி பெண்ணெலியை அறுத்து ரசம் வைத்துவிட்டாளாம். ராக்கியண்ணன் எழுந்து உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தானாம்.

"எலும்பக்கூட மென்னுட்டாருண்ணா. உன்னைத்தான் சொல்லிட்டிருக்கறாரு, மச்சான் வாயி பெருசுன்னாலும் மனசும் பெருசுன்னு."

இதை அப்படியே எழுதிவைக்கிறேன். ராக்கியண்ணன் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்ன நாள் இது.

நாள் 255. காலை 8.50. உள் வெப்பம் 5 டிகிரி. எலிகள்: ஐந்து.

ஜமீன்தார் இறந்துவிட்டான். உடம்பெல்லாம் கடி. வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருப்பான். ஐந்து ராணிகளின் வயிற்றையும் தடவிப் பார்த்தேன், கனம் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது.

கேழ்வரகு அரைச் சாக்கு. என் பங்கில் பாதியைத் தொட்டியில் போடுகிறேன். பாத்தி முழுக்கக் கல்லாகிவிட்டது.

பாவாயிக்கு வானொலியில் பாடம் எடுத்தேன். குட்டி போட்டதும் பத்து நாள் கைபடக் கூடாது. எட்டிக்கூடப் பார்க்காதே, துணியைப் போட்டு மூடிவிடு. பயந்தால் தாயே குட்டியைத் தின்றுவிடும்.

பாவாயி: "சரிண்ணா. நாங்களும் கஞ்சியில பாதிய அதுகளுக்குத்தான் ஊத்தறோம். பெத்தெடுக்கற வயிறாச்சே."

ராக்கியண்ணன் பேசவில்லை. மறுபடி காய்ச்சலாம்.

நாள் 263. பகல் 12.40. உள் வெப்பம் 22 டிகிரி. எலிகள்: ஐந்து.

வெயில். இரண்டு மாதம் கழித்து வெயில். காலை எட்டு மணிக்குப் புயல் விலகி, காற்றே தகடுகளைத் துடைத்துவிட்டது. ஹீட்டர் முழுத் திறனில் ஓடுகிறது. சட்டையைக் கழற்றிவிட்டேன். பாத்தியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒரு பாட்டுக்கூடப் பாடினேன், எலிகள் பொறுத்துக்கொண்டன.

ராணிகளுக்குக் குட்டி போட இதைவிட நல்ல நாள் வராது என்று தொட்டியைத் திறந்தேன்.

அதே நாள். பகல் 1.15.

சூட்டில் ஐந்தும் உடம்பை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று எழுந்து தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து நின்றது. வாலுக்குக் கீழே இரண்டு விதை, இலந்தைப் பழம் மாதிரி, நன்றாக இறங்கித் தொங்கியது.

அடுத்ததைத் தூக்கினேன். அதற்கும். அதற்கடுத்ததற்கும்.

ஐந்துக்கும்.

அதே நாள். பகல் 3.30.

குளிரில் ஏறியிருந்தது, சூடு வந்ததும் இறங்கிவிட்டது. ஜமீன்தாரிடம் பார்த்ததுதான். பார்த்து, சிரித்து, இங்கேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

இடைவெளி அதிகம் இருப்பது ஆண். நான் தலைகீழாகப் பிரித்திருக்கிறேன். பதினேழில் ஒன்றுகூடத் தவறவில்லை, அத்தனையும் சரியாக, தலைகீழாக. குழம்பு வைத்த ஒன்பதும் பெண். வண்டியில் அனுப்பிய மூன்றும் ஆண். இந்தக் கிரகத்தில் கடைசியாக ஒரு பெண்ணெலி இருந்தது. அதை அறுக்கச் சொன்னதும் நான்தான்.

கப்பல் வர இன்னும் முந்நூறு நாள். ஐந்து எலி, கால் சாக்கு கேழ்வரகு.

படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்: ஹேச்சரியில் நான் குஞ்சு பிரிக்கவில்லை. தட்டு சுமந்தேன். பிரிக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வேகமாகச் செய்வார்கள். சுலபமாகத்தான் தெரிந்தது.

நாள் 264. காலை 10.00. உள் வெப்பம் 17 டிகிரி. எலிகள்: ஐந்து. ஐந்தும் ஆண்.

சொல்லிவிடுவது என்று வானொலியைப் போட்டேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, நேத்து வெயில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இங்கயும் வந்துச்சு."

அவள் வீட்டில் கையேடு கிழியாமல் இருக்கிறது.

"எலியெல்லாம் எப்படி இருக்குதுண்ணா?"

"நல்லா இருக்குது. அங்க?"

"இங்கயும் நல்லா இருக்குது."

"மாப்ளே?"

"தூங்கறாரு."

நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. இந்த வாயில் என்னென்னவோ வந்திருக்கிறது, இது மட்டும் வரவில்லை.

நாள் 268. காலை 9.30. உள் வெப்பம் 4 டிகிரி. எலிகள்: ஐந்து.

புயல் திரும்பிவிட்டது. முன்னைவிடக் கனம். விரல் மடங்க மாட்டேன் என்கிறது, எழுத்து சரியாக இருக்காது.

வானொலி. பாவாயி, மெல்லிய குரல், ஆனால் உற்சாகமாக.

"அண்ணா, குட்டி போட்டிருச்சு. மூணுமே. மொத்தம் முப்பத்தொண்ணு. செவச்செவன்னு, ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குதுக. நீ சொன்னது அப்படியே பலிச்சிருச்சு."

தொட்டியில் கிடந்த என் ஐந்தையும் பார்த்தேன்.

"இவருகிட்டக் காட்டினேன். சிரிச்சாரு. மச்சானுக்குக் கை ராசின்னாரு."

"மாப்ளேகிட்டக் குடு, பேசறேன்."

"தூங்கறாருண்ணா."

"எப்பருந்து?"

"மூணு நாளா."

அவள் சோர்ந்து பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சந்தோஷமாகச் சொன்னாள். முப்பத்தொன்று என்று எண்ணிச் சொன்னாள். முப்பது என்றால் நம்ப மாட்டேன் என்று தெரியும். ஒன்றைக் கூட்டிப் போட்டால்தான் மெய் மாதிரி இருக்கும். அது நான் சொல்லிக்கொடுக்காமலே என்னிடமிருந்து கற்றது.

நான் சொன்னேன்: "பத்து நாளைக்குக் கைய வெச்சிராத, பாவாயி. துணியப் போட்டு மூடி வெய்யி."

"மூடித்தாண்ணா வெச்சிருக்கறேன்."

நாள் 270. காலை 7.00. உள் வெப்பம் 1 டிகிரி. எலிகள்: இங்கே இல்லை. இரண்டாம் வீட்டில் முப்பத்தொன்று, என் தங்கை எண்ணியது.

இரண்டு நாளாக வானொலியில் பதில் இல்லை. அவள் பேட்டரி தீர்ந்திருக்கும். பேட்டரிதான்.

ஐந்தையும் ரசம் வைத்துவிட்டேன். ஹீட்டருக்கு மிச்சம் இருந்த மின்சாரம் அதற்குத்தான் சரியாக இருந்தது. பிளாஸ்கில் ஊற்றி, உடுப்புக்குள் நெஞ்சோடு கட்டியிருக்கிறேன். சூடு உறைக்கிறது. மீதிக் கேழ்வரகு முதுகில்.

இரண்டாம் வீட்டுக்குப் போன வண்டித் தடம் புழுதியில் மூடிவிட்டது. திசை தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன்.

இதைக் கட்டில் மேல் விரித்து வைத்துவிட்டுப் போகிறேன். என்னைத் தேடுகிறவர் கிழக்கே பார்க்கவும்.

காற்றுப் பைக்கு ஐந்து கிலோமீட்டர்தான் மூச்சு என்று முன்னே எழுதியிருந்தேன். அது சாதாரண ஆளுக்கு. எனக்கு ஒன்பது வரும்.