குளத்தில் எகிறிய கல்குண்டு

இன்று காலை எங்கள் கிணற்றில் ஒரு தேங்காய் விழுந்தது. அந்தச் சத்தத்தில் துள்ளி எழுந்து, காப்பியை வேட்டியெல்லாம் சிந்திக்கொண்டேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும், நண்பா. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

அறுபதுகளில் ஒரு தை மாதம். நம் ஊர் சிங்கவரத்திலிருந்து நாம் இருவரும் ஒரே சைக்கிளில் வந்து, செஞ்சிக் கோட்டையில் முள் வெட்டும் கூலிவேலை பார்த்தோம். புதருக்குள் பழைய பீரங்கிக் கல்குண்டு ஒன்று கிடந்தது. பூசணிக்காய் அளவு, வழவழப்பான உருண்டை. அங்கிருந்து பாறை நீளமாகச் சரிந்து, குளத்து நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் முடிந்தது. உருட்டிப் பார்க்கலாம் என்றவன் நான்தான். எதிர்க்கரையில் ஒரு பெண் துணி துவைக்கிறாளே என்று நீ தயங்கினாய்.

“தண்ணியில வுழுந்தா முழுகிடும்டா, அவ்ளோ கனம்,” என்றேன். சேர்ந்து தள்ளினோம்.

குண்டு முழுகவில்லை. தண்ணீரில் பள்ளம் பறித்து, அதன் விளிம்பில் ஏறி எகிறியது. மறுபடி தொட்டு, மறுபடி எகிறியது. நேராக அவளை நோக்கி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நீதான் கத்தினாய். அவள் விலகிய கணத்தில் துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்தது. அதற்கு இரண்டடி தள்ளிப் புடவை விரித்து ஒரு குழந்தையைக் கிடத்தியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அது வீறிட்டு அழுதது; அடி எதுவும் படவில்லை.

போய்ச் சொல்லிவிடலாம் என்றாய். நான் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ தனியாக இறங்கினாய். அவள் புருஷனும் இன்னும் சிலரும் உன்னைச் சூழ்ந்தார்கள். கூட யார் என்று கேட்டு அடித்தது மேலேவரை கேட்டது.

“யாரும் இல்ல. நான்தான் தள்ளனேன்,” என்றாய்.

கிழிந்த உதட்டோடு வந்து சைக்கிளை மிதித்தாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுத்த வாக்கில் வேகமாக வரும் உருண்டையைத் தண்ணீர் மேலே தள்ளிவிடும் என்று பல வருஷம் கழித்து ஒரு கல்லூரி வாத்தியார் எனக்கு விளக்கினார். உன்னிடம் வந்து சொன்னேன். “அது அன்னிக்கு நமக்குத் தெரியாதேடா,” என்றாய். அவ்வளவுதான்.

உன் கருமாதி முடிந்ததும் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன்.  அவள் இறந்துவிட்டிருந்தாள். அன்றைய குழந்தை, தலை நரைத்தவளாக எதிரே வந்து நின்றாள். உருட்டச் சொன்னது நான் என்று சொல்லி முடித்தேன்.

அவள் என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னாள். பிறகு, “மேல ரெண்டு பேர் நின்னாங்கன்னு எங்கம்மா சொல்லும்,” என்றாள். “அந்தப் பையன் ஒருத்தனே அடிய வாங்கிக்கினான், நானும் வாயத் தொறக்கலன்னு சொல்லும்.”

நீயும் அவள் அம்மாவும் காத்த மௌனத்துக்குள் ஒளிந்துதான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.