கோட்டுக்கு இந்தப் பக்கம்

பொலோனா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ஸினாய்தா எழுதுவது. அண்ணனை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டதாமே, தைரியமாக இருங்கள். நான் நலம். நான் பார்த்துக்கொள்ளும் அடெலே அம்மாளும் நலம்.

ஞாயிறன்று அவரைச் சக்கர நாற்காலியில் ஓவிய அருங்காட்சியகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மாதா படம், நம் கோயிலில் இருப்பது போலவே. உங்கள் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு, நம் வழக்கப்படி முத்தமிடக் குனிந்தேன். அலாரம் அலறிவிட்டது.

காவலாளி ஓடிவந்தார். "என்னம்மா பண்றீங்க? இது கோயில் இல்ல."

"கோயில்லேருந்துதானே எடுத்துட்டு வந்தீங்க?" என்றேன்.

அடெலே அம்மாள் சிரித்தார். "கேக்குறா இல்ல, பதில் சொல்லுப்பா."

காவலாளி தரையில் இருந்த கோட்டைக் காட்டினார். "இதுக்கு இந்தப் பக்கம் நின்னு எவ்வளவு வேணா வேண்டிக்குங்க."

வேறொன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். ஆபரேஷன் அன்றைக்கு லீவு வாங்கிவிட்டேன். அருங்காட்சியகத்தை மூடும்வரை அந்தக் கோட்டில்தான் நிற்பேன். மாதா கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் ஊரிலிருந்து இங்கே சாமான் கொண்டுவரும் இந்த வார வேனில் உங்கள் நீலத் தலைத்துணியைக் கொடுத்தனுப்புங்கள். வெறுந்தலையோடு நிற்க முடியாது. அடெலே அம்மாள் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

துணியைத் துவைக்க வேண்டாம், அம்மா. அப்படியே அனுப்புங்கள்.

ஸினாய்தா