கட் சொன்ன பிறகு

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பத்தே முக்காலுக்கு உலக சினிமா தன் தவறை உணர்ந்து திருந்தியது. என் நான்காவது படம் ஒரு திரைப்பட விழாவுக்குத் தேர்வாகிவிட்டது. மின்னஞ்சலைப் பதினேழாயிரம் முறை படித்தேன். முந்தைய படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒருவர் ஆபரேட்டர்.

தேர்வுக் குழு எழுதியிருக்கிறது: “தாயாக வருபவர் கட்டிலில் உட்கார்ந்து பேசும் காட்சி, நடிப்பு என்றே தோன்றவில்லை.”

தோன்றாது.

அக்காவுக்குப் போன் செய்தேன். தாயாக நடித்தவள் அவள்தான். “நிஜமாவாடா? என் மூஞ்சிய அவ்ளோ பெருசா காட்டப்போறாங்களா? தலைக்குச் சாயம் அடிச்சுக்கறேன் இரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

மார்ச் 5

வாழ்த்துச் சொல்ல ஆறு பேர் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. நானா? புகழ்ச்சி வருகிறதென்றால் அடுத்த தெருவுக்கே போய் வரவேற்று அழைத்துவருகிற நானா?

மார்ச் 7

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

என் படங்களில் சொந்தக்காரர்களே நடிகர்கள். கேமரா ஓடினால் மரக்கட்டை. ‘கட்’ என்றதும் மனிதர்களாகிவிடுவார்கள். அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். வாயால் ‘கட்’ சொல்லும்போது என் கை தொப்பிமேல் இருந்தால் கேமராமேன் நிறுத்தக்கூடாது. கை இறங்கினால்தான் நிறுத்தவேண்டும். இதற்காக மூன்று கண்டங்களில் எனக்குச் சிலை வைப்பார்கள் என்று சொல்லித் திரிந்தேன். பெரும்பாலும் கிடைத்தது கொட்டாவியும் முதுகு சொறிதலும்தான்.

அன்று அக்கா வீட்டுப் படுக்கையறையில் படப்பிடிப்பு. பதினொரு டேக் ஆகியும் அவளுக்கு அழுகை வரவில்லை. “கட், சாப்பிடப் போகலாம்” என்றேன். கை தொப்பியில். எல்லாரும் வெளியேற, கேமராமேன் வயர் சுருட்டுகிற சாக்கில் கேமரா பக்கத்திலேயே நின்றான். மேக்கப் போடுகிற அம்மா அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு அழுகையே வராதா?” என்று கேட்டார். அக்காவின் சேலையில் குத்தியிருந்த மைக்கை யாரும் கழற்றவில்லை.

“அதெல்லாம் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியே அழுது முடிச்சுட்டேன். இந்த வீட்ட விட்டுப் போயிடலாம்னு பெட்டிகூடக் கட்டிட்டேன். அப்பதான் இவ வயித்துல இருக்கான்னு தெரிஞ்சுது. இவ வராம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

கதவுக்குப் பக்கத்தில் நின்று ஹெட்போனில் கேட்டேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐயோ என் அக்கா என்று அல்ல. ஆகா, என்ன டேக் என்று.

அத்தான் போய் ஆறு வருஷம். அவர் உயிரோடு இருந்தபோது அவளிடம் ஒரு நாளாவது ‘எப்படி இருக்கே’ என்று கேட்டேனா? இல்லை.

மார்ச் 8

இன்னும் ஒன்று மிச்சம். நேற்று அதை எழுதாமல் பேனாவை மூடிவிட்டேன்.

அக்கா சொன்ன அந்த ‘இவ’, என் படத்தின் எடிட்டர். அக்கா மகள். கத்தரி என்று கூப்பிடுவேன்.

எடிட்டிங்கில் அந்த டேக் வந்ததும் நிறுத்தினாள். “மாமா, இது அம்மா நடிச்சதா?”

“பின்னே? நான் எழுதின வசனம்.”

வசனத்தாள் அவளிடம்தான் இருந்தது. கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, “‘இவ’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சுச் சத்தம் இருக்கு. எடுத்துடட்டுமா?” என்றாள்.

“வேண்டாம், அதுதான் அழகு” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். இந்த வாயால்.

மார்ச் 10

கேமராமேனைத் தேடிப் போனேன். ஒரு கண்ணை மூடியே காலம் தள்ளுவதால் அவனுக்கு ஒத்தைக்கண்ணன் என்று பெயர். பழி அவனையும் கொஞ்சம் சேரட்டும் என்று ஒரு நப்பாசை.

“அன்னைக்கே கேட்டேண்ணே, கை தெரியாமத் தொப்பிக்குப் போச்சா, தெரிஞ்சே போச்சான்னு. ‘கலைடா’ன்னீங்க” என்றான்.

டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 11

அக்காவிடம் சொல்லிவிட்டேன். “காட்டு” என்றாள். சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். “என் மூக்கு இவ்ளோ பெருசாடா?” என்றாள் முதலில். முடிந்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

“இதையும் அவதான் எடிட் பண்ணாளா?”

தலையாட்டினேன்.

“எத்தன மாசமா அவளுக்குத் தெரியும்?”

“அஞ்சு.”

“அதான் என் போனையே எடுக்கறதில்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கேன்.” லேப்டாப்பைக் காட்டி, “அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னேனே. அது எங்கடா?”

அது இல்லை. வேண்டியது கிடைத்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கையையும் தொப்பியிலிருந்து இறக்கிவிட்டேன். வாசலில் ஒரு குட்டி ஆட்டம்கூட ஆடினேன்.

“என்னக்கா சொன்னே?”

“அத உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொல்ல வேண்டியவகிட்ட சொல்லிக்கறேன்.”

மார்ச் 12

அந்தக் காட்சியை நீக்கிய பிரதியை அனுப்பலாமா என்று விழாக்காரர்களிடம் கேட்டேன். தேர்வான பிரதி மட்டுமே திரையிடப்படும் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

மார்ச் 13

காவியம்போல ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிதான் வந்தது: “படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.” அனுப்பிவிட்டேன். இருபது வருஷக் கனவு. அனுப்பிவைக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

மார்ச் 14

கத்தரியே கூப்பிட்டாள்.

“வாபஸ் வாங்குங்கன்னு நான் கேட்டேனா மாமா?”

“இல்லம்மா, மனசு கேக்கல…”

“அம்மா எனக்கு என்னைக்காவது சொல்லியிருப்பாங்க. இல்ல, சொல்லாமலே இருந்திருப்பாங்க. அது எங்க ரெண்டு பேரோட விஷயம். இப்ப தியாகம்னு இதையும் ஒரு சீனாக்கிடாதீங்க.”

வைத்துவிட்டாள். உண்மையில், தியாகத்துக்குப் பின்னணி இசைவரை யோசித்து வைத்திருந்தேன். என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 19

கல்யாண வீடியோ வேலை ஒன்று. மணமகளின் அப்பா ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்தார். கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். காசு கொடுத்தவரே அவர்தான். ‘அத ஏன் எடுக்கல’ என்று திட்டுவார்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வரச்சொன்னாள். வாசலில் கத்தரியின் செருப்பு கிடந்தது. உள்ளே பேச்சுக்குரல், நான் மணி அடித்ததும் நின்றது. கதவைத் திறந்த கத்தரி என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பையைப் பார்த்தாள்.

“போன வெளிய வச்சுட்டு வாங்க மாமா.”

செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் படியேறிக்கொண்டே அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். காது சூடாகிவிட்டது.

உள்ளேயிருந்து அக்கா, “அவன இங்க வந்து உட்காரச் சொல்லு” என்றாள்.

மூன்று பேரும் மதியம்வரை பேசினோம். என்ன பேசினோம் என்று இங்கே எழுதப்போவதில்லை.