யாரும் வாசிக்காத நோட்டீஸ்

ஜூன் 9, 2003
கோவில்பட்டி முகாமுக்கு நானும் அம்மாவும் தம்பி நந்தகோபாலைக் கூட்டிப்போனோம். பதினான்கு வயது. மனவளர்ச்சி குறைவு என்று சான்று வாங்கினால் பகல்நேரப் பள்ளியில் சேர்க்கலாம் என்றார்கள். சோதித்தவர் படங்களை விரித்து, "இதுல நாய் எது, காட்டு" என்றார். நந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுகிறோம். நாகலாபுரத்தில் எங்கள் தெருவே அப்படித்தான். அம்மா மெதுவாக, "குக்க ஏதிரா?" என்றதும் அவன் விரல் நேராக நாய்மேல் போய் நின்றது.

"நீங்க சொல்லிக் குடுக்கக்கூடாதும்மா." அவர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'சொல்வது புரியவில்லை, பயிற்சிக்கு ஏற்றவனல்ல' என்று எழுதிவிட்டார். பள்ளியில் இடமில்லை.

எது புரியவில்லை அவனுக்கு? தமிழா, உலகமா?

ஜூன் 23
இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மாவட்டத்துக்கே திட்டம் எழுதுகிறார்களாம். சிறுபான்மை மொழிக்காரர்களையும் கலந்துதான் எழுதுவார்களாம். டைப் இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பை முடித்துவிட்டு, திட்டம் எழுதும் ஆபீசுக்கு ஓடினேன். "உங்க ஆளுகள்ல ஒருத்தரைக் கூப்பிட்டாச்சும்மா" என்றார் கிளார்க்.

யாரை? எங்கள் சமுதாயச் சங்கத் தலைவர் முத்துகிருஷ்ணன் பெரியப்பாவை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. இப்படி ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி அவருக்குப் பழக்கமே கிடையாது.

ஜூன் 29
பெரியப்பாவைப் பார்த்தேன். நந்துவுக்கு நடந்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"ஏட்டி பிரேமா, இது சபையில சொல்லுத விசயமா? ஒனக்கு மாப்பிள்ளை பாக்குதாவ. அவிய காதுல விழுந்தா என்ன நெனைப்பாவ?"

அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் சொன்னாள்: "அவிய சொல்லுததும் சரிதானட்டி."

சரியாம்.

ஜூலை 14
தூத்துக்குடியில் கூட்டம். அனுமதி கேட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பெரியப்பா மைக்கைப் பிடித்தார். "எங்க சமுதாயத்துல அந்த மாதிரிப் பிள்ளைக கெடையாது. இருந்தாலும் எங்க பாஷைக்கு மரியாதை வேணும். முகாம் நோட்டீசைத் தெலுங்குலயும் அடிங்க."

கைதட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்றார்கள். கேசரி, வடை, போட்டோ. போட்டோவுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள் — பெண் ஒருத்தியும் இருக்கட்டும் என்று.

ஜூலை 15
வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

அக்டோபர் 6
நோட்டீஸ் வந்துவிட்டது, கட்டுக் கட்டாக. நல்ல வழவழப்பான தாள், முழுக்கத் தெலுங்கு எழுத்து. எங்கள் தெருவில் அதை வாசிக்க ஓர் ஆள் கிடையாது. எங்களுக்குத் தெலுங்கு வாயில்தான் இருக்கிறது, படித்ததெல்லாம் தமிழ்; வீட்டுப் பேச்சைக்கூட இங்கே நான் தமிழில்தான் எழுதுகிறேன். பெரியப்பாவுக்கும் தெரியாது, கையெழுத்தே தமிழில்தான் போடுவார். அம்மா தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முறுக்குப் பிழிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு தாயிடம்?

நவம்பர் 24
அந்த நோட்டீசில் போட்டிருந்த முகாமுக்குத் தெலுங்குக்காரர்கள் யாருமே வரவில்லையாம். 'இச்சமூகத்தினருக்கு ஆர்வமில்லை' என்று எழுதப்போகிறார்களாம். முகாம் எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்! எழுதும் முன் இன்னொரு கூட்டம் போடுகிறார்கள். யாராவது கூட வருவார்களா என்று வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், "அப்படி யாரும் இங்கன இல்ல" என்று கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஒரு பிள்ளை முனகிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 8
யாரும் வரவில்லை. என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மா கூட வந்தாள், விட்டுவர ஆள் இல்லாததால் நந்துவையும் கூட்டிக்கொண்டு. அதுவும், "பேசிராத" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே.

பெரியப்பா மறுபடியும் ஆரம்பித்தார். "எங்க சமுதாயத்துல அந்த மாதிரிப் பிள்ளைக..." நான் எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள், நந்துவின் கையைப் பிடித்தபடி.

"எம் மவன் இருக்கான், அண்ணாச்சி. இல்லைன்னு சொல்லாதிய."

பெரியப்பா குனிந்துகொண்டார். கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா எழுந்து வந்து நந்துவிடம் தமிழில் பெயர் கேட்டார். அவன் விழித்தான். அம்மா தெலுங்கில் கேட்டாள். சொன்னான். பிறகு முகாமில் நடந்ததை நான் சொன்னேன். இந்தத் தடவை யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

டிசம்பர் 19
மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. "நீ மொதல்ல எந்திரிச்சுப் பேசியிருந்தா ஒன்னைத் திட்டியாவது இருப்பேன்" என்றாள்.

மார்ச் 15, 2004
வீட்டுமொழி தெரிந்த ஒருவர் சோதனையின்போது உடனிருக்க வேண்டும் — திட்டத்தில் சேர்ந்தது இந்த ஒரு வரிதான். யாரை வைப்பது, யார் ஏற்பாடு செய்வது, எதுவும் இல்லை. பள்ளிக்கு வேன் கேட்டோம், அதுவும் இல்லை. மறுபடியும் சோதித்ததில் நந்துவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாறித்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை வரும்போது மேல்சட்டையைத் தொலைத்துவிட்டு வந்தான்.

இன்று குளத்தூரில் முகாம். அங்கே ஒரு தெலுங்குப் பெண்பிள்ளை வாயே திறக்கவில்லையாம். ஆள் இல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டி வந்திருக்கிறாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியுதுட்டி" என்றாள். குரலே எழும்பவில்லை.