முனைப் பள்ளத்தருகே நின்ற குடைக்கம்பி

அனுப்புநர்:
துணி மடிக்கும் பணியாளர்,
மருத்துவமனைச் சலவைப் பிரிவு.
வீடு: கடைசிக் குறுக்குத் தெரு, பம்பு அறைக்கு எதிர்வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருமுனையிலிருந்து அகற்றப்பட்டு நகராட்சிக் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கும் குடைக்கம்பிப் பொருள் – அதன் பயனை விளக்குதல் – திருப்பித் தரவும் முனைப் பள்ளத்தை மூடவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி பொருளை அகற்றக் கோரி என் கணவர் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். எழுத்துகள் பெரிதாகவும் வரிகள் ஏறியும் இறங்கியும் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விரிப்புகளில் வார்டு எண் போடும் தடித்த பேனாவால் எழுதுகிறேன். காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன். என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதமும் அவர் பார்க்காமல் போனதில்லை. இது போகிறது. ஆகவே இதில் உள்ள பிழைகள் முழுக்க முழுக்க என்னுடையவை.

2. என் கணவரைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மனு மன்னன்' என்று பெயர் வைத்திருப்பது எங்கள் காதுக்கும் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பட்டம் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார். எரியாத விளக்கு, ஒழுகும் குழாய், பெயர்ப்பலகையில் விட்டுப்போன புள்ளி என்று அவர் எழுதாத பொருளில்லை. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடாமல் விடப்பட்ட முனைப் பள்ளத்தைப் பற்றி அவர் இதுவரை கொடுத்த மனுக்களைக் கொட்டினால் அந்தப் பள்ளமே நிரம்பிவிடும்.

3. இனி என் விஷயம். எனக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. பகலில் நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. பொழுது சாய்ந்தால் எதிரே இருப்பதும் கரைந்துவிடும். எங்கள் மருத்துவமனையிலேயே கண் மருத்துவரம்மாவிடம் காட்டினேன். "இது கண்ணாடி மாத்தினா சரியாகுற விஷயமில்லம்மா. மெதுவா குறைஞ்சுக்கிட்டேதான் போகும். வீட்ல சொல்லி வெச்சிருங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை ஏற்றுக்கொண்டேன். கடைசி வரியைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னால் மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். கோபத்தில் அல்ல, அன்பால்தான் நிறுத்துவார். கோபத்தில் நிறுத்துகிறவரிடம் சண்டை போடலாம், அன்பால் நிறுத்துகிறவரிடம் என்ன செய்வது? மடிப்பு மேசைக்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை. தலையணை உறை எது, அறுவைச் சிகிச்சை அங்கி எது என்று கை சொல்லிவிடும். எனக்குச் சிரமமெல்லாம் மாலையில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் வழிதான். அதிலும் அந்த முனைதான். இந்தச் செய்தியை என் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. முகம் பார்த்திராத அதிகாரிக்கு எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

4. அந்தப் பொருளைச் செய்து வைத்தவள் நான். துணி கிழிந்துபோன ஒரு குடையை விரித்து, பெயின்ட் வாளியில் சிமென்ட் குழைத்து அதில் நட்டேன். தெருவே தூங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இதைச் செய்தேன். கம்பிகளின் நுனியில் கரண்டிகள், டிபன் பாக்ஸ் மூடி, பூட்டு தொலைந்த சாவிகள் ஆகியவற்றைக் கிழிந்த விரிப்புகளின் ஓர நாடாவால் கட்டித் தொங்கவிட்டேன். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். காற்றில்லாத நாளுக்காகக் குடைக்காம்பிலிருந்து விளக்குக் கம்பம் வரை முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டினேன். கால் பட்டால் குடை குலுங்கும். சத்தம் கேட்டால் பள்ளம் வந்துவிட்டது, சுவரோரமாக ஒதுங்க வேண்டும் என்று பொருள். அதன் பயன் அவ்வளவுதான்.

ஒரு நல்ல மணியை வாங்கிக் கட்டியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். கட்டினேன். மறுநாளே காணாமல் போனது. விலைபோகும் எதுவும் எங்கள் தெருவில் வெளியே தங்காது. எனவே யாருக்கும் ஆசை வராதபடி அசிங்கமாக இதைச் செய்தேன். அதில் தேவைக்கு மேலேயே வெற்றி பெற்றுவிட்டேன்.

5. தெருவுக்கு இது பெரிய புதிராகிவிட்டது. மாலையில் அங்கே ஒரு கூட்டமே கூடும். மருந்துக் கடைக்காரர் இது செல்போன் சிக்னல் இழுக்கும் கருவி என்றார். அவர் கடையில் சிக்னல் கிடைப்பதில்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் காற்றின் வேகத்தை அளக்க மாணவர்கள் செய்தது என்றார். தையல்காரர், புறா விரட்ட என்றார். காய வைத்த துணிகளைப் புறாக்கள் என்ன பாடுபடுத்துகின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். ஏ.டி.எம். காவலாளி மட்டும் பத்தடி தள்ளி நின்று, "சாவியெல்லாம் தொங்குது, எனக்கென்னமோ நல்லதாப் படல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் அந்தக் குடையில் தங்கள் கவலையைத்தான் மாட்டிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. "நீங்க என்னக்கா நெனைக்கிறீங்க?" என்று என்னையும் கேட்டார்கள். யாரோ வேலைவெட்டி இல்லாதவங்க செஞ்சதா இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேசிய எல்லோரும் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டுதான் பேசினார்கள். பள்ளத்தையும் அந்தப் பொருளையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. கண் நன்றாக இருப்பவர்களுக்குப் பள்ளம் பழகிப்போய்விடுகிறது.

6. என் கணவரின் ஊகம் வேறு. "மொதல்ல ஒரு குடைய நடுவான். அப்புறம் ஒரு ஸ்டூல் வரும். அப்புறம் பெட்டிக்கடை வரும். நாம பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அன்றே உட்கார்ந்து, ஆக்கிரமிப்பின் முதல் அறிகுறி என்று எழுதி, என்னிடம் உரக்கப் படித்தும் காட்டினார். நான் என்ன சொல்வேன்? நன்றாக இருக்கிறது என்றேன். அவருடைய எத்தனையோ மனுக்களைப் போல அதுவும் அலமாரியில் தூங்கும் என்று நம்பியிருந்தேன். தாங்கள் அந்த ஒரு மனுவின் மீது மட்டும் மறுநாள் காலையே நடவடிக்கை எடுத்தீர்கள். வண்டியோடு வந்தவர்கள் பள்ளத்தைப் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் குடையைப் பெயர்த்து எடுத்துச் சென்றதாகத் தையல்காரர் பிற்பாடு சொன்னார்.

7. இது தெரியாமல் அன்று மாலை வழக்கம்போல் நடந்து வந்தேன். சத்தம் கேட்கவில்லை. காற்று இல்லை போலிருக்கிறது, கயிறு காலில் படும் என்று நினைத்து இன்னும் இரண்டடி வைத்தேன். படவில்லை. காலடி மண் சரிந்தது. எப்படியோ பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு செருப்பு மட்டும் உள்ளே போய்விட்டது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் வர எடுத்த நேரத்தில் பள்ளத்தின் ஆழம் எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கத் துணிவில்லாமல் உட்கார்ந்தபடியே சுவர் வரை நகர்ந்து, அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். வார் அறுந்துவிட்டது, வீசிவிட்டேன் என்று கணவரிடம் பொய் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அந்தச் செருப்பு கழுவப்பட்டு வாசலில் தன் ஜோடியோடு இருந்தது. தடவிப் பார்த்தேன். வார் அறுந்திருக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

8. அன்று மாலையிலிருந்து, நான் திரும்பும் நேரத்துக்கு அவர் முனையில் நிற்கிறார். தங்கள் அலுவலகத்தின் உதவிப் பொறியாளரைக் கைபேசியில் திட்டுகிறார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கிறது. "ஹலோ! சார், கேக்குதா? பள்ளம் என் காலடியிலதான் இருக்கு. செவுத்தோரமா வந்தா ஒண்ணும் ஆகாது. அப்படியே செவுத்தப் புடிச்சிக்கிட்டே வரணும் சார்!" என்கிறார். வரவே வராத பொறியாளருக்கு எதற்கு இத்தனை வழி சொல்கிறார் என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் அவரைத் தாண்டும்போது "நீ போ, நான் இந்த ஆள ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்" என்பார்.

போன வாரம் ஒருநாள் அப்படி அவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தபோது அலமாரி மேல் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவருடையதுதான். எங்கள் வீட்டில் இருப்பதும் அந்த ஒன்றுதான். எடுத்தேன், அச்சகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பேசிவிட்டு அதே இடத்தில் வைத்தேன். அவர் உள்ளே வந்து, "போனையே வெச்சுட்டான் அந்த ஆளு" என்று சொல்லிக்கொண்டே கால் கழுவப் போனார். நான் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

9. தெருவே கூடி நான் செய்த பொருளின் பயனை ஊகித்தது. இப்போது நான் ஒருத்தியாக, என் கணவர் முனையில் நிற்பதன் பயனை ஊகித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தெரியும் அவருக்கு, எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள குறையெல்லாம் எழுதுகிறவர் இந்த ஒரு குறையை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார். நான் சொல்லக் காத்திருக்கிறாரோ, நான் மறைக்க விரும்புவதை மதிக்கிறாரோ, அல்லது என்னைப் போலவே பயந்துபோய் இருக்கிறாரோ. எதுவானாலும் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை தூறலில் நின்றார், ராத்திரியெல்லாம் இருமல். மழைக்காலம் தொடங்கப்போகிறது. அவருடைய தொண்டையை நம்பி நான் எத்தனை நாள் நடப்பது? ஒரு மாலை அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அந்த முனையில் நான் எந்தப் பக்கம் கால் வைப்பேன்?

10. சென்ற வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் தங்கள் கிடங்குக்குப் போய்க் கேட்டேன். பொறுப்பாளர் மரியாதையாகவே பேசினார். "இது என்ன, எதுக்குன்னு எழுதி ஆணையர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா, எடுத்துட்டுப் போங்க. எதுக்குன்னே தெரியாத பொருள நான் யாருக்குன்னு குடுக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். துணி காயப்போடும் கம்பி என்று ஒரு பொய் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

11. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

(அ) முனைப் பள்ளத்தை மழைக்கு முன் மூட ஆணையிட வேண்டுகிறேன். மூடிவிட்டால் குடையே வேண்டாம்.

(ஆ) அதற்குக் காலதாமதமாகும் என்றால், மூடும் வரை அந்தப் பொருளை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க அனுமதி தர வேண்டுகிறேன். கயிறு தொலைந்திருந்தால் பரவாயில்லை, வேறு கட்டிக்கொள்வேன். கரண்டிகளில் இரண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், என் கணவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

(இ) உதவிப் பொறியாளர் அவர்கள் என் கணவர் மீது மனத்தாங்கல் கொள்ள வேண்டாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். அந்தத் திட்டு அவருக்கானது அல்ல.

12. தங்கள் பதிலை என் வீட்டு முகவரிக்கே அனுப்பிவைக்கக் கோருகிறேன். அலுவலகக் கடிதங்களில் எழுத்து மிகச் சிறியதாக இருக்கும், என்னால் படிக்க முடியாது. உறையை என் கணவர் கையில் கொடுத்து, எனக்குப் படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

இடம்: சலவைப் பிரிவு, மடிப்பு மேசை
நாள்: திங்கட்கிழமை, உணவு இடைவேளை

இப்படிக்கு,
(கையொப்பம்)
துணி மடிக்கும் பணியாளர்