மழைத்தண்ணீர் கேட்ட செடி

அண்ணி,

இன்று மதியம் தெருமுனை இஸ்திரி வண்டியின் கரிமேல் மழை விழுந்தது. அந்த ஈரக்கரி வாசனை உங்கள் செருப்புப் பூச்செடியிடம், செருப்பு வடிவில் பூக்கும் அந்த மலை ஆர்க்கிட்டிடம், என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

ஏற்காட்டிலிருந்து எங்கள் சாயப்பட்டறை வீட்டுக்கு வாழ வந்தபோது அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். பிறந்த வீட்டின் பங்காக உங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். "கோயில் ஊருல செருப்புப் பூவை எந்தச் சாமிக்குப் போடுறது?" என்று அம்மா கேட்க, பட்டறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

ஒரு வருடத்தில் இலைகள் துவண்டன. நுனி கருகியது. நான் அப்போதுதான் கெமிஸ்ட்ரி டிப்ளமோ முடித்திருந்தேன். துவண்ட இலையைப் பார்த்துத் தாகம் என்று நினைப்பார்கள் முட்டாள்கள். அது வேர் அழுகல். முற்றத்தில் எல்லார் முன்னாலும் தொட்டியைக் கவிழ்த்தேன். செம்மண்ணும் எருவும் களியாக விழுந்தன. கறுத்த வேர்கள் தொட்டதும் தோல் கழன்றன.

"கொன்னு வெச்சிருக்கீங்களே! தெரியலன்னா கேக்கக் கூடாதா?"

"இல்ல தம்பி, அத்தைகிட்ட நான்..."

"மொதல்ல கத்தி கொண்டாங்க."

கொண்டுவந்தீர்கள். முனை சுட்டது. தீயில் காட்டிய கத்தியால் வெட்டினால்தான் அழுகல் தொற்றாது. நான் சொல்லாமலே அதை எப்படிச் செய்தீர்கள் என்று யோசிக்கக்கூட இல்லை.

வெட்டினேன். கரித்துண்டும் செங்கல் ஜல்லியும் போட்டு நட்டேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பு, இனி மழைத்தண்ணீர்தான் என்றேன். அம்மா உடனே கூரைக்குக் கீழே பானை வைத்தாள். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்." சில மாதங்களில் பக்கக்கன்று வந்தது. என் வைத்தியத்தை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அது பூப்பதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியத்துக்கு வந்த உங்கள் அப்பா தொட்டியருகே குந்தி, உப்புப் பூக்காத கரியைத் தொட்டுப் பார்த்தார். "மழைத்தண்ணி குடுத்துட்டீங்களா? வந்த மாசத்திலிருந்து கேக்குறேன்னு எழுதுவா."

அம்மாதான் வாய் திறந்தாள். "கேட்டா. நம்ம தண்ணியாலதான் பட்டே மின்னுதுன்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது, செடிக்கு மட்டும் ஆவாதான்னு கேட்டேன். மண்ணும் எருவும் நான்தான் போட்டேன். கிணத்துத் தண்ணியே ஊத்துன்னு சொன்னதும் நான்தான்."

உங்கள் அப்பா எஸ்டேட் பங்களாவின் தோட்டக்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. எஸ்டேட்டில் வேலை என்று தெரியும். என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் முற்றத்தில் முழங்கியதெல்லாம் நீங்கள் ஒரு வருடமாகச் சொல்லிவந்ததுதான். என் வாயில் வந்ததால் வீடு கேட்டது.

உங்கள்மேலும் கோபம்தான் அண்ணி. "எனக்குத் தெரியும்" என்று ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? போட்டிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், மாட்டேன். அதனால் கோபம் குறையவில்லை.

செடியை அவரே எடுத்துப் போனார். பஸ்ஸில் ஏறும்போது கை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. இதைப் பிடிக்க உங்களுக்குத் தெரியாது."

திட்டவில்லை, இருந்ததைச் சொன்னார். கையை எடுத்துக்கொண்டேன். ஒருவர் சொல்வதை முழுதாகக் கேட்க அன்றுதான் எனக்கு வந்தது. இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை.