பதினேழு இல்லாத எலிகள்

ஜனவரி 15

இரண்டாம் தொகுதி எலிகளுக்கு இன்று பத்தாவது வாரம். எடை எடுத்தேன். பதினேழு என்ற புரதம் இல்லாத சுண்டெலிகள் சராசரி நாற்பத்து நான்கு கிராம். சாதாரண எலிகள் நாற்பத்திரண்டு.

வேறு தராசில் வைத்துப் பார்த்தேன். அதேதான்.

போன வருடம் முதல் தொகுதியில், இதே தீவனம், இதே வாரம் - பதினேழு இல்லாதவை இருபத்தொன்பது கிராம்தான் இருந்தன.

ஒன்றும் தோன்றவில்லை. தேநீர் போட்டேன், ஆறிப்போயிற்று.

ஜனவரி 16

ஆய்வுச் சுருக்கத்தை மறுபடி படித்தேன். என் எழுத்துதான்: "பழுப்புக் கொழுப்பில் உள்ள இப்புரதம் இல்லாத எலிகள் கொழுப்பு மிகுந்த உணவிலும் பருப்பதில்லை. எனவே இப்புரதத்தைத் தடுப்பது உடல் பருமனுக்கு மருந்தாகலாம்." எங்கள் பட்டியலில் அதற்குப் பதினேழாம் எண். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆறு வருடம். மே 28 அன்று, முனைவர் பட்டத்துக்கும் மேலான பெரிய முனைவர் பட்டத்துக்கான என் வாய்மொழித் தேர்வு. அதற்குள் இரண்டாம் தொகுதி முதல் தொகுதியை உறுதிப்படுத்த வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்தோம்.

"எனவே" என்ற சொல்லை எவ்வளவு எளிதாக எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 19

தீவனம் சரி. மரபணுச் சோதனையும் சரி.

ஜனவரி 22

கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று எப்படிச் சொல்வது, அது கூண்டுக்குள்ளேயே இருந்தது. மரத்தூளுக்கு அடியில் உள்ளங்கை அளவு கம்பளித் துண்டு. நெய்யாத, அடித்து இறுக்கிய கம்பளி. பதினேழு இல்லாத எலிகளின் கூண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று. சாதாரண எலிகளின் கூண்டுகளில் இல்லை.

எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் சுயும்கான் அக்காவைக் கூப்பிட்டேன். அக்டோபரில்தான் வேலைக்கு வந்தவர். முதல் தொகுதியின்போது வேறு ஆள்.

"நான்தான் வெச்சேன். மருமக ஷிர்தாக் விரிப்பு தெச்ச மிச்சம். சும்மாதானே கிடந்துச்சு."

"ஏன் இதுங்களுக்கு மட்டும்?"

"இதுங்கதானே நடுங்குது! அந்தக் கூண்டுக்காரனுங்க நல்லாத் தின்னுட்டு மல்லாந்து தூங்குறானுங்க. கையில எடுத்துப் பாரு சைரா, போன் அதிர்ற மாதிரி அதிரும்."

ஆறு வருடமாகக் கையுறை போட்டுத்தான் எடுக்கிறேன். வாலைப் பிடித்து, தராசில் போட்டு, எண்ணைக் குறித்து.

ஜனவரி 23

இப்படித்தான் இருக்க வேண்டும். பதினேழு இல்லாவிட்டால் பழுப்புக் கொழுப்பால் சூடு உண்டாக்க முடியாது. எலி அறை இருபத்திரண்டு டிகிரி. நமக்கு இதம், எலிக்குக் குளிர். அதனால் தசையை நடுக்கியே சூடு தேடுகின்றன. தின்ற கொழுப்பெல்லாம் அந்த நடுக்கத்தில் எரிகிறது. ஒல்லியாக இருந்தன என்றால் குளிரில் விறைத்ததால். கம்பளி கிடைத்ததும் நடுக்கம் நின்றது, பருத்தன.

இரண்டு கூட்டத்துக்கும் உடல் வெப்பநிலை ஒன்றுதான், ஆகவே வெப்பத்துக்கும் பதினேழுக்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எழுதியிருக்கிறேன். அந்த வெப்பநிலையைக் காப்பாற்ற அவை என்ன பாடுபட்டன என்று - கேட்கவே இல்லையே. ஏன் கேக்கல?

இப்போதும் இது ஊகம்தான். கம்பளி ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் இந்தத் தொகுதி எதையும் நிரூபிக்காது. எந்தப் பக்கமும்.

ஜனவரி 26

இயக்குநர் எசென்குலிடம் சொன்னேன். அவருக்கு உடனே தெளிவு பிறந்துவிட்டது, என்னை முழுப் பெயர் சொல்லி அழைத்தார்.

"சைராகுல் ஜுமாபெகோவ்னா, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஊழியர் விதியை மீறிட்டாங்க, தொகுதி கெட்டுப்போச்சு. அந்தம்மாகிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்க. நீங்க கீழ கையெழுத்துப் போடுங்க. முதல் தொகுதி போதும், மே மாசம் ஜோரா முடிச்சிடலாம்."

"அவங்க வேலை?"

"போகும். எலிக்குப் போர்வை போத்துறவங்களை வெச்சு நான் நிறுவனம் நடத்த முடியுமா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் தொல்லை.

ஜனவரி 27

சுயும்கான் அக்கா கடிதம் கொடுத்தார். விளக்கக் கடிதம் என்றால் எல்லாரும் ஒரு பக்கம் நிரப்புவார்கள், வருத்தம், குடும்பச் சூழல், இனி நடக்காது. இதில் இரண்டு வரி.

"எலிகள் குளிரில் நடுங்கின. கம்பளி வைத்தேன்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சேருங்கக்கா."

"எலிகிட்டயா?"

பிப்ரவரி 2

கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்திடவில்லை. மறுக்கவும் இல்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது என்னைத் தொட்டுப் பார்க்கிறேன். மரத்திருக்கிறது.

பிப்ரவரி 8

நரின் ஊரிலிருந்து தங்கை நுர்சாத் போனில் பேசினாள். எடை நூற்றுப் பதினொரு கிலோ, சர்க்கரை இறங்கவில்லை.

"ஏய் எலிக்காரி, உன் மருந்து எப்பதான் வரும்? நான் மூச்சு வாங்கி மாடி ஏறுறதுக்குள்ள வந்திருமா?"

"அது மருந்து இல்ல போலிருக்கு. அந்தப் புரதத்தைத் தடுத்தா இன்னும் குண்டாகலாம்."

"அப்ப என்னைக் குண்டாக்குறதுக்கா ஆறு வருஷம் படிச்சே?" சிரித்தாள். நிற்காமல் சிரித்தாள். அடுப்பில் குவுர்தாக் கறி கருகுகிறது என்று வைத்துவிட்டாள்.

கறி கருகுகிறது என்பதை நான் நம்பவில்லை.

பிப்ரவரி 9

எசென்குலிடம் வாய்மொழித் தேர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சுயும்கான் அக்காவின் கடிதத்தின் கீழ் கையெழுத்தும் போட்டேன், இப்படி: "இது விதிமீறலே. ஆனால் நடுக்கத்தைக் கவனித்திருக்க வேண்டியவள் நான். மூன்றாம் தொகுதிக்குப் பத்து வாரமும், முப்பது டிகிரி அறையும், இதே ஊழியரும் தேவை."

"உங்களுக்கு நாப்பத்தொன்பது வயசு," என்றார். திட்டவில்லை. பாவமாகப் பார்த்தார். அது மோசம்.

"தெரியும்."

"ஆய்வகத் தலைமை வேற ஆளுக்குப் போகும்."

"சரி."

அறையும் ஆளும் கிடைத்தன.

பிப்ரவரி 19

மூன்றாம் தொகுதி தொடங்கியது. இரு கூட்டத்துக்கும் ஒரே சூடு. கம்பளி யாருக்கும் இல்லை.

மார்ச் 21

நூருஸ், வசந்தப் புத்தாண்டு. விடுமுறை. எலிகளுக்கு இல்லை.

ஏப்ரல் 2

சுயும்கான் அக்கா இல்லாத நேரம் கையுறையைக் கழற்றி ஒன்றை எடுத்தேன். பதினேழு இல்லாதது. நடுங்கவில்லை. வெறும் கனம். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். விதிமீறல்தான்.

ஏப்ரல் 30

சாதாரண எலிகள் நாற்பத்து மூன்று கிராம். பதினேழு இல்லாதவை நாற்பத்தேழு.

அப்படியானால் பதினேழு பருமனைத் தடுக்கும் புரதம். நான் எழுதியதற்கு நேர் எதிர். ஒரு தொகுதிதான். இன்னொன்று வேண்டும்.

நுர்சாத்துக்கு எண்களை அனுப்பினேன். "அப்ப அதை எனக்கு ரெண்டு கிலோ அனுப்பு" என்று பதில்.

மே 28

காலை பத்து மணிக்கு, என் தேர்வு நடந்திருக்க வேண்டிய மாநாட்டு அறையைத் தாண்டிப் போனேன். பூட்டியிருந்தது. ஏதாவது தோன்றும் என்று நின்றேன். பசித்தது.

கட்டுரையின் முதல் வரைவை அச்செடுத்து எலி அறைக்குக் கொண்டுபோனேன். சுயும்கான் அக்கா கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு என் பெயரைப் படித்தார், அடுத்ததாகத் தன் பெயரைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இப்ப நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. இது ஆசிரியர் பட்டியல்."

"சும்மா யாரும் பேரை எழுத மாட்டாங்க, சைரா. சரி, கொடு, எங்க கையெழுத்து?"

கையெழுத்து வேண்டாம் என்றேன். நம்பவில்லை. பக்கத்தின் அடியில் இடம் தேடி, நிதானமாகப் போட்டார். அந்தத் தாளை அப்படியே கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த தொகுதிக் கூண்டுகளை இருவரும் அடுக்கினோம்.